எட்மண்டின் தண்ணீர் மணி

வியாழக்கிழமை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. செலின் எட்டாம் வகுப்பில் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் ஆயா வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், ஆவடிலேர்ந்து போன் வந்துது. உங்க நைனாவுக்கு ரொம்ப சீரியஸாம். ஒடனே வரச் சொன்னாங்க."

சொல்லிவிட்டு அவள் செலினின் முகத்தைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்தாள். சீரியஸ் என்று சொல்லி அனுப்பினால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருள். அது ஆயாவுக்கும் தெரியும், செலினுக்கும் தெரியும்.

செலினுக்கு உடனே அழுகை வரவில்லை. இனி அப்பாவிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்ற நினைப்புதான் முதலில் வந்தது. தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கி வைத்தாற்போல ஒரு கணம் மூச்சு லேசாகக்கூட ஆயிற்று. அடுத்த கணம் அவளுக்குத் தன் உடம்பே கூசியது. மிச்சமிருந்த தாள்களை முன் பெஞ்சுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நசரத்பேட்டையிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஆவடிக்கு ஒரு பஸ். இரண்டாவது பஸ்ஸில் பருத்திப்பட்டு தாண்டிய பிறகுதான் கண்ணீர் வந்தது. அப்போதும் அது யாருக்காக வருகிற கண்ணீர் என்று அவளுக்கு நிச்சயமில்லை.

சொல்லாமல் வைத்திருந்த விஷயத்துக்கு அன்றைக்குப் பன்னிரண்டு வயது.

எட்மண்ட் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் வேலை பார்த்தவர். திண்டிவனம் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் சகாயமேரியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரே பெண் செலின். ஆள் குள்ளம், பேச்சு கொஞ்சம். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிரசங்கம் நீண்டுபோனால் பெஞ்சின் ஆடுகிற காலை எப்படிச் சரிசெய்யலாம் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்குக் குப்பை என்று ஒன்று கிடையாது. "தூக்கிப் போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு" என்று மனைவியிடம் வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். கட்டிலுக்கு அடியில் டால்டா டின்கள் வரிசையாக நிற்கும். ஒன்றில் திருகாணிகள், ஒன்றில் ஸ்பிரிங்குகள், ஒன்றில் தீர்ந்துபோன டார்ச் பாட்டரிகளை உடைத்து எடுத்த கரிக்குச்சிகள். பியூஸான பல்பின் உள்ளே இருப்பதைப் பக்குவமாக உடைத்தெடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பி, ஜன்னல் வெயிலைக் கண்ணாடியால் திருப்பி, தெருவில் விற்கிற துண்டு பிலிமைச் சுவரில் படமாகக் காட்டுவார்கள், அப்பாவும் மகளும். முதல் தடவை ஆள் தலைகீழாக நின்றான்.

"ஒரு ஆளைத் தலைகீழா நிக்க வைக்கறதுக்கா காலைலேர்ந்து ரெண்டு பேரும் சோறு திங்காம கிடந்தீங்க?" என்றாள் சகாயமேரி.

"பிலிமைத் திருப்பிச் செருகினா நேரா நிப்பான்டி."

"அதை முதல்லயே செய்யறதுக்கு என்ன?"

எட்மண்ட் சிரித்தார். செலின்தான் சொன்னாள்: "முதல்ல எப்படி நிக்கறான்னு தெரியணும்லம்மா."

இத்தனை இரும்பு ஆசை இருந்தும் தொழிற்சாலையிலிருந்து ஒரு பொருள் அவர் வீட்டுக்கு வந்ததில்லை. கேட்டில் தினம் சோதனை உண்டு. சோதிக்கிறவர்கள் தொடுவதற்கு முன்னால் இவரே பையைக் கவிழ்த்துக் காட்டுவார். சங்கு ஊதியதும் செருப்பில் ஒட்டிய இரும்புத் தூளை உள்பக்கமே தட்டிவிட்டுத்தான் வெளியே கால் வைப்பார். கூட வேலை செய்தவர்கள், "எட்மண்டு மூக்குல போன தூசியைக்கூட உள்ளயே தும்மிட்டுதான் வருவாரு" என்று கேலி பேசுவார்கள். அவருக்கு வேண்டியதெல்லாம் சேக்காடு போகிற ரோட்டில் துலுக்கானத்தின் காயலான் கடையில் கிடைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளின் முன்கம்பியில் செலினை உட்கார வைத்துக்கொண்டு அங்கே போவார். அவள் வளர்ந்து கால் தரையில் இழுபடத் தொடங்கிய பிறகு பின்னால் கேரியரில்.

"இன்னா அண்ணாத்தே, பாப்பாவையும் இட்டுகினு வன்ட்டியா? இன்னிக்கு இன்னா ராக்கெட்டு உடப் போறீங்க?" என்று வரவேற்பான் துலுக்கானம். கடைக்காரன் உட்காருவதற்கு ஒரு மோட்டார் சீட்டு, வாடிக்கைக்காரர் உட்காருவதற்கு ஒரு கவிழ்த்த பக்கெட்டு. எட்மண்ட் எதிலும் உட்கார மாட்டார். குவியலுக்கு முன்னால் குந்திக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்குவார்.

எண்பத்து மூன்றில் பட்டணம் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விடியற்காலை மூன்றுக்கும் வரும், ஐந்துக்கும் வரும், அரை மணி வந்து நின்றுவிடும். சகாயமேரி குழாயைத் திறந்து வைத்து, அடியில் காலிக் குடத்தை வைத்து, அந்தச் சத்தத்துக்காக ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுப்பாள். இரண்டு நாள் தூங்கிப்போய்த் தண்ணீரை விட்டாள். அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டு ஞானம்மாளிடம் கடன் குடம் வாங்கும்படி ஆயிற்று.

"தண்ணி வந்தா தானா மணி அடிக்கிற மாதிரி ஏதாவது செய்யலாமாப்பா?" என்று கேட்டது செலின். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது.

எட்மண்ட் எழுந்து போய் டால்டா டின்களை இழுத்தார்.

எரிந்துபோன மின்விசிறியின் தாமிரக் கம்பியைச் சிக்கெடுத்து ஒரு போல்ட்டில் சுற்றினார்கள். உடைந்த ரம்பத் தகட்டை அதற்கு எதிரில் நிறுத்தினார்கள். பழைய சைக்கிள் மணியின் மூடி, மின்சாரத்துக்கு இரண்டு டார்ச் பாட்டரி. அப்பாவின் யோசனை அதுவரைக்கும்தான் வந்தது. தண்ணீர் வருவதை மணிக்கு எப்படித் தெரிவிப்பது என்பதில் இரண்டு நாள் முட்டிக்கொண்டார்கள். காலியான பவுடர் டப்பாவை மூடி ஒட்டி வாளிக்குள் மிதக்கவிட்டால் அது மேலே ஏறி இரண்டு தகடுகளைச் சேர்த்துவிடும் என்று கண்டுபிடித்தது செலின். எட்மண்ட் அந்த டப்பாவை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்குத் தோணலயே" என்றார். செலின் அந்த வார்த்தையை அதற்குப் பிறகு வாங்கிய எந்தப் பரிசோடும் மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்ததில்லை.

ஆனால் மணி ஒரு தடவை 'டிங்' என்றுவிட்டு நின்றது. போல்ட்டு எஃகு. காந்தம் ஏறினால் இறங்கவில்லை. தகடு ஒட்டியது ஒட்டினபடியே நின்றுவிட்டது. மென்மையான இரும்பு வேண்டும். அந்தச் சனிக்கிழமை துலுக்கானத்தின் குவியலில் ஒரு சாண் நீளத்தில் தடித்த கம்பித் துண்டு ஒன்று கிடைத்தது. எட்மண்ட் அதை அரத்தில் உரசிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தலைப்பக்கத்தைத் திருப்பினார். முகம் மாறிற்று.

"இது எங்கேர்ந்து வந்தது துலுக்கானம்?"

"ஏலத்துல எட்த்த லாட்டு அண்ணாத்தே. உங்க பாக்டரிக்காரன் வோணாம்னு தள்னதுதான். லாரில கொண்டாந்து கொட்டினு போனான். இன்னாத்துக்கு அப்டி பாக்குற? பாம்பா அது?"

"எங்க பாக்டரி முத்திரை இருக்கு."

"இருந்தா இன்னா? இங்க வந்தப்புறம் அல்லாத்துக்கும் ஒரே முத்திரை, துருதான். எட்த்துகினு போ."

எட்மண்ட் அதைக் குவியலில் திரும்ப வைத்தார். வேறு இரண்டு மூன்று துண்டுகளை உரசிப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. பிறகு அதையே எடுத்து, செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வழி நெடுக இருப்புக்கொள்ளாத மாதிரியே மிதித்தார்.

மறுநாள் விடியற்காலை நாலு பத்துக்கு மணி அடித்தது. பூசை மணி போல நிற்காமல் அடித்தது. சகாயமேரி குடத்தோடு ஓடினாள். ஞானம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்து, "என்ன மேரி, ஊட்டுக்குள்ளயே கோயில் கட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். சொன்னதும் அவளும் குடத்துக்கு ஓடினாள். ஒரு வாரத்தில் அந்த வரிசையில் எட்டு வீடுகளுக்கு அதுதான் மணி. மணிச் சத்தம் கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரியும். எட்மண்ட் பாயில் படுத்தபடியே கண்ணைத் திறக்காமல் சிரித்துக்கொண்டிருப்பார்.

அதை அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டு போகச் சொன்னது டீச்சர். செலின் படித்த பள்ளியில் அதிகாரிகளின் பிள்ளைகளும் படித்தார்கள். மேஜையில் அவள் வாளியையும் மணியையும் வைத்ததுமே முன் பெஞ்சுக்காரி ஒருத்தி வந்து குனிந்து பார்த்தாள்.

"ஏய், இதெல்லாம் குப்பைலேர்ந்து பொறுக்கினதா?"

"காயலாங்கடையில வாங்கினது."

"ஐயே! கையை நல்லாக் கழுவிட்டுப் பிரைஸ் வாங்குடி."

மத்தியானத்துக்குள் செலினுக்குப் பெயர் வைத்தாயிற்று. காயலாங்கடை. அடுத்த மேஜைக்காரி, "காயலாங்கடை, கொஞ்சம் பசை குடேன்" என்று சாதாரணமாகக் கேட்டாள். செலின் கொடுத்தாள்.

மூன்று மணிக்குப் பரிசு கொடுக்க வந்தவர் தொழிற்சாலையில் பெரிய அதிகாரி, லோகநாதன். மேஜை மேஜையாக நின்று பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. செலின் சொம்பால் தண்ணீர் ஊற்ற, மணி அடித்ததும் அவர் குழந்தை போலச் சிரித்தார்.

"நீயே பண்ணினியாம்மா?"

"நானும் எங்கப்பாவும் சார்."

"அப்பா என்ன பண்றார்?"

"பாக்டரில சார். டூல் ரூம்."

அவர் கம்பிச் சுருளைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் முத்திரை இருந்த தலைப்பக்கத்தில் நின்றது. "நல்ல இரும்பு. இது எங்க கிடைச்சது?"

செலினைச் சுற்றி வகுப்பே நின்றது. முன் பெஞ்சுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். காயலாங்கடை என்ற சொல் செலினின் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் எழப்போகிற சிரிப்பு முன்கூட்டியே காதில் கேட்டது.

"பாக்டரிலேர்ந்து அப்பா கொண்டு வந்தாங்க சார்."

"கொண்டு வந்தாரா?"

"ஆமா சார். அவங்களுக்குக் குடுப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சுக்காரி கையை இறக்கினாள். லோகநாதன் சுருளைப் பக்குவமாக மேஜையில் வைத்து, "அப்பா பேர் என்னம்மா?" என்று கேட்டார். அவள் பெருமையாகச் சொன்னாள். இரண்டாம் பரிசாக எவர்சில்வர் டிபன் டப்பா கிடைத்தது.

பன்னிரண்டு நாள் கழித்து எட்மண்ட் சங்கு ஊதி வெகுநேரம் ஆன பிறகு வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அரசாங்கப் பொருளை எடுத்ததாக மெமோ கொடுத்திருக்கிறார்கள் என்று சகாயமேரியிடம் சொன்னார். பிறகு செலினைக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை.

"பாப்பா, அன்னிக்கு அந்த சார் கேட்டப்ப நீ என்ன சொன்ன?"

அப்போது சொல்லியிருக்கலாம். அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்றாள். அப்பாவின் கை முழங்காலில் இருந்தது, நகக்கண்ணில் கறுப்பு. செலின் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"காயலாங்கடைன்னுதான்ப்பா சொன்னேன்."

எட்மண்டின் முகம் தெளிந்தது. "அதானே பார்த்தேன். அவருக்குத்தான் சரியாக் காதுல விழல. கண்காட்சில சத்தமா இருந்திருக்கும்."

"ஆமாப்பா. மைக்குல பாட்டு போட்டிருந்தாங்க."

பொய்க்குக் கைப்பிடி போட்டுக் கொடுத்தவர் அப்பாதான் என்று செலின் பல வருஷம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். சமாதானம் ஆகவில்லை.

தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேர் வந்து மணியை எடுத்துக்கொண்டு போனார்கள். வாளியும் பவுடர் டப்பாவும் சாட்சிக்குத் தேவைப்படவில்லை, அவற்றை விட்டுவிட்டார்கள். அடுத்த விடியற்காலையிலிருந்து சகாயமேரி மறுபடி காலிக் குடத்தை வைத்துக்கொண்டு படுத்தாள். எட்டு வீட்டிலும் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஞானம்மாள் மட்டும் கேட்கவில்லை. முதல் குடம் நிறைந்ததும் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போவாள்.

விசாரணை நாலு மாதம் நடந்தது. துலுக்கானம் சாட்சி சொல்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றான். இரும்பு வியாபாரிக்கு உள்ளே வேலையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முடிவில் எட்மண்டுக்கு இரண்டு வருஷ இன்கிரிமென்ட் நின்றது. வரவேண்டிய சார்ஜ்மேன் பதவி வரவில்லை. டூல் ரூமிலிருந்து எடுத்து யார்டில் போட்டார்கள். இருபது வருஷம் ஒரு தலைமுடி கனத்தை விரலால் அறிந்த மனிதர் அதற்குப் பிறகு லாரியில் ஏறுகிற பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கேட்டில் அவரை மட்டும் தனியே நிறுத்தினார்கள். பையைக் கவிழ்க்கிற பழக்கத்தை அவர் விட்டுவிட்டார். அவர்களே கவிழ்க்கட்டும் என்று நிற்பார். காயலான் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு புது வழக்கம் வந்தது. எதை வாங்கினாலும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், இன்ன தேதி, இன்ன பொருள், துலுக்கானம் கடை என்று தாமே எழுதி, அவன் கையெழுத்தை வாங்கி, அந்தச் சீட்டைப் பொருளின் மேலேயே ஒட்டிவிடுவார். வீட்டில் அவர் பழுதுபார்த்த கடிகாரத்திலும் சீட்டு. அம்மாவுக்குச் செய்து கொடுத்த தேங்காய் துருவியிலும் சீட்டு. தேங்காய் துருவும்போதெல்லாம் சகாயமேரியின் கண்ணுக்கு நேரே துலுக்கானத்தின் கையெழுத்து இருந்தது.

"செலினு, வந்து இந்த முனையைப் பிடி" என்று அவர் கூப்பிடுவது மட்டும் மாறவில்லை. "பரீட்சை இருக்குப்பா" என்று செலின் சொல்லக் கற்றுக்கொண்டாள். கொஞ்ச நாளில் அவர் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டு தாமே வேலை செய்யப் பழகினார். பெண் பெரியவளாகிவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

அவள் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தாள். பி.எட். முடித்தாள். நசரத்பேட்டைப் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கேயே பிரகாசத்தைக் கல்யாணம் செய்துகொண்டு குடியேறினாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்தில், முதல் தடவையாக, சாமியாரிடம் அதைச் சொன்னாள். அவர், "ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லுங்கள். அப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள்" என்றார். செலின் அங்கேயே முழங்காலில் இருந்து பத்து மணியையும் சொல்லி முடித்தாள். மற்றதை விட்டுவிட்டாள்.

பள்ளியில் வருஷா வருஷம் கண்காட்சி வரும். பிள்ளைகள் ஊசிமருந்துக் குழாயில் பொக்லைன் செய்துகொண்டு வருவார்கள், டேப்ரிக்கார்டர் மோட்டாரில் காற்றாடி செய்துகொண்டு வருவார்கள். செலின் டீச்சர் எல்லாம் கேட்பாள். எங்கே கிடைத்தது என்று மட்டும் யாரையும் கேட்டதில்லை.

தொண்ணூற்று ஐந்து அக்டோபர் இருபத்து நாலாம் தேதி சூரிய கிரகணம் என்று பேப்பரில் வந்தது. வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, ஊசித்துளைப் பெட்டியில் பார்க்கலாம் என்று அவள் வகுப்பில் சொல்ல, பிள்ளைகள் செய்து காட்டும்படி பிடித்துக்கொண்டார்கள். ஒரு மாதிரிக்குச் செய்து கொடுங்கள் என்று அப்பாவிடம் கேட்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவளாகக் கேட்டது அது. இந்தத் தடவை கேட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெறுகிறார். கேட்டைக் கடைசியாகத் தாண்டுவதற்கு முன்னாலாவது அவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்து ஒரு வேலை செய்துகொண்டிருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

எட்டாம் தேதி ஞாயிறு, பூசை முடிந்து அவள் வந்தபோது பெட்டி ஏறக்குறைய ஆகியிருந்தது. நீளமான பிஸ்கட் டின். உட்புறம் விளக்குக் கரியும் வஜ்ஜிரப் பசையும் கலந்து பூசிய கறுப்பு. பின்பக்கம் எண்ணெய் தடவிய தாள். முன்பக்கம் சதுரமாக வெட்டி, டீத்தூள் பாக்கெட்டின் ஈயத்தாளை ஒட்டியிருந்தார். அதில் ஊசியால் ஒரு துளை போட்டால் முடிந்தது. பக்கவாட்டில் சீட்டும் ஒட்டியாயிற்று.

"துளையை நீ போடு பாப்பா. என் கை இப்பல்லாம் ஆடுது. ஓட்டை பெரிசாச்சுன்னா சூரியன் கலங்கிடும்" என்று ஊசியைக் கொடுத்தார்.

செலின் ஊசியை வாங்கிக்கொண்டாள். அம்மா பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் எட்மண்ட் டின்னைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஸ்கூல்ல யாராவது இது எங்க வாங்கினதுன்னு கேட்டா, காயலாங்கடைன்னு கூச்சப்படாம சொல்லு. என்ன, உனக்கா சொல்லித் தரணும்? அத்தனை பேர் முன்னாடி அன்னிக்கே சொன்னவதானே நீ."

ஊசி அவள் விரல்களுக்கு நடுவே இருந்தது. ஈயத்தாள் வெயிலில் பளபளத்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து போடறேன்ப்பா" என்றாள். "பஸ் போயிடும்."

"சாப்பிட்டுப் போயேன்."

"இல்லப்பா."

ஊசியை மேஜையில் வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். அந்த நேரத்துக்குப் பஸ் எதுவும் இல்லை. நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றாள்.

வியாழக்கிழமை காலை யார்டில், பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மறுநாள் அடக்கம். குவார்ட்டர்ஸ் வாசலில் போட்டிருந்த வாடகை நாற்காலிகளில் ஒன்றிலும் உட்காராமல் துலுக்கானம் ஓரமாக நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. செலின் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"உன் மேல இன்னா நம்பிக்கைம்மா அந்த மன்சனுக்கு. ஒரு வரி எய்திக் குட்த்திருந்தா அன்னிக்கே வுட்டுட்டிருப்பானுங்க."

"என்ன வரி?"

"ஒனக்குத் தெரியாது? பெரிய ஆபீசர் கூப்ட்டு சொல்லிக்கீறாரு. 'கீழ கெடந்துச்சு, தெரியாம எட்த்துகினு போய்ட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு எய்திக் குடு எட்மண்டு, ஒரு வார்னிங்கோட வுட்டுடறோம்'னு. நானே சொன்னேன், எய்திக் குட்த்துட்டுப் போ அண்ணாத்தேன்னு. கேக்கலியே. 'ஆபீசர்தான் தப்பாக் கேட்டாரு, எம்பொண்ணு பொய் சொல்லாது'ன்னு நேரா மூஞ்சிக்கு முன்னாடி சொல்ட்டு வன்ட்டாரு. அதாலதான் அத்தினி தண்டனை. ஆபீசரையே பொய்யன்னு சொல்ட்டாரு இல்ல?"

செலின் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நான் பாக்டரின்னுதான் சொன்னேன்."

துலுக்கானத்துக்கு முதலில் புரியவில்லை.

"அந்த சார் கேட்டப்ப. உங்க கடைன்னு சொல்ல வெக்கமா இருந்தது. பாக்டரிலேர்ந்து அப்பா கொண்டு வந்தாருன்னு சொன்னேன். அப்பா கேட்டப்ப மாத்திச் சொன்னேன்."

அவன் காதில் செருகியிருந்த பீடியை எடுத்தான், பற்ற வைக்காமல் பார்த்தான், திரும்பக் காதில் செருகினான்.

"இத்த அவராண்ட சொல்லிக்கீறியா?"

"இல்ல."

"பன்னண்டு வருசமா?"

அவள் தலையசைத்தாள்.

"இப்போ எங்கிட்ட சொல்லி இன்னாம்மா ஆவப்போவுது? நான் இன்னா சாமியாரா?" என்றான். குரல் உயரவில்லை. சொம்புக்காகக் கையை நீட்டி, மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டு, "போ. உள்ள போ. உங்கம்மா தனியா கீறாங்க" என்றான்.

கல்லறைத் தோட்டத்தில் அவன் எதிர்ப்பக்கம் நின்று ஒரு பிடி மண் போட்டான். அதன் பிறகு அவளிடம் பேச வரவில்லை.

செலின் பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு இருந்தாள். இரண்டு தடவை அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தாள். சகாயமேரி, "அவருக்கு எல்லாத்தையும் விட இவ பேச்சுதான் வேதம்" என்று வருகிறவர்களிடம் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகையில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அதைப் பிடுங்க செலினுக்குத் துணிவு வரவில்லை. அதுவும் தனக்குச் சாதகமான காரணம்தானோ என்ற சந்தேகமும் அவளை விடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கிரகணம். குவார்ட்டர்ஸில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஏழரைக்கு மேல் வெயில் மங்கி, பித்தளை நிறத்துக்கு வந்தது. அம்மா கூப்பிடக் கூப்பிட செலின் பின்கட்டுக்குப் போய் நின்றாள். புங்க மரத்தடியில் இலைகளின் நடுவே விழுகிற வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வொன்றும் பிறையாக மாறியிருந்தன. துணி துவைக்கிற கல் மேலும், அவள் பாதத்தின் மேலும் பிறைகள். பத்தரைக்குள் அவை திரும்ப வட்டமாயின.

பிஸ்கட் டின் மேஜை மேல் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. கறுப்பு நன்றாகக் காய்ந்திருந்தது. எண்ணெய்த் தாள் சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. ஈயத்தாளில் துளை போடவில்லை.